ஒன்பது வினாடிக் கதவு

அமைதிச்சாரல் அடுக்ககத்தில் நான்கு வருடமாக யாரும் கதவை அறைந்து சாத்தியதில்லை. குடியிருப்பவர்கள் எல்லாம் உத்தமர்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. முயற்சி செய்தார்கள். கதவு ஒத்துழைக்கவில்லை.

சூலூர் தாண்டி, ஒரு காலத்தில் சோளம் விளைந்த இடத்தில் நாற்பது மாடிக்கு நின்றது அந்தக் கட்டடம். எந்திரங்கள் வீடுகளை அச்சடிக்கத் தொடங்கிய காலம் அது. ஒரு நாளைக்கு ஒரு மாடி என்று அச்சடித்துத் தள்ளிய அவசரத்தில் சுவரெல்லாம் அப்பளத்துக்கு அண்ணன் என்ற கனத்தில் வந்து நின்றது. பதினெட்டாம் மாடியில் ஒருவர் பீரோவைச் சாத்தினால் ஆறாம் மாடியில் குழந்தை எழுந்துகொண்டது. குழந்தையின் தகப்பனார் தன் ஆட்சேபத்தைத் தெரிவிக்கத் தன் வீட்டுக் கதவை அறைந்தார். அதில் இன்னும் மூன்று குழந்தைகள் எழுந்தன. குடியிருப்போர் சங்கம் கூடியது. கூடிய வேகத்தில் இரண்டு சங்கமானது. அந்தச் சமயத்தில்தான் மென்சுழல் நிறுவனம் உள்ளே வந்து, ஒவ்வொரு கதவின் கீலிலும் ஒரு டேம்பரைப் பொருத்திவிட்டுப் போனது. கதவுக்கு மட்டுமல்ல, அலமாரி, குப்பைத்தொட்டி, கழிப்பறை மூடி என்று கோபம் வந்தால் மனிதன் எதையெல்லாம் அறைவானோ, அத்தனைக்கும்.

டேம்பர் என்பது பெரிய விஷயமில்லை. கட்டைவிரல் பருமனில் ஓர் உருளை, உள்ளே ஒரு சின்னத் துடுப்பு, துடுப்பைச் சுற்றி எண்ணெய். கதவு திரும்பினால் துடுப்பும் திரும்பியாக வேண்டும். எண்ணெய் அதைச் சும்மா விடாது. அவ்வளவுதான்.

அந்த எண்ணெயைப் பதம் பார்க்கிற பொறியாளன் குணசீலன். அவனும் அதே கட்டடத்தில் பன்னிரண்டாம் மாடியில்தான் குடியிருந்தான். தன் தொழிலைப் பற்றி அவன் முதன்முதலில் விளக்கியது சாருமதிக்கு. பெண் பார்க்கப் போன இடத்தில், இரண்டு பேரும் தனியாகப் பேசட்டும் என்று பெரியவர்கள் மொட்டை மாடிக்கு அனுப்பிவைத்திருந்தார்கள். பேச வேறொன்றும் தோன்றாததால் அவன் எண்ணெயைப் பற்றிப் பேசினான்.

"அதிரசத்துக்கு வெல்லப்பாகு காய்ச்சறாங்கல்ல. பாகு தண்ணியா இருக்கறப்ப கரண்டி லேசாச் சுத்தும். பதம் ஏற ஏறக் கை வலிக்கும். அந்தக் கையைப் புடிச்சு நிறுத்தற விசைதான் எங்க பொழப்பு. பாகு ரெண்டு மடங்கு கெட்டியானா, விசையும் ரெண்டு மடங்கு."

"நாங்க அதிரசம் கடையிலதான் வாங்குவோம்," என்றாள் சாருமதி.

"இன்னொண்ணும் இருக்குது. வேகமாச் சுத்தினா இன்னும் வலிக்கும்."

"அப்ப மெதுவாச் சுத்த வேண்டியதுதானே."

"அதேதான். அதைத்தான் டேம்பர் கதவுகிட்டச் சொல்லுது. எங்க நாலாம் நம்பர் எண்ணெய்ல ஒரு விசேஷம். எவ்வளவு கோவமாத் தள்றமோ, அந்த நொடியே அவ்வளவு பதம் ஏறிரும். பூ மாதிரித் தள்ளினாலும் சரி, எட்டி உதைச்சாலும் சரி, கதவு சாத்த ஒன்பது வினாடி."

"அதென்ன கணக்கு, ஒன்பது?"

"எட்டு வெச்சுப் பார்த்தோம், சத்தம் வந்துச்சு. பத்து வெச்சுப் பார்த்தோம், கொட்டாவி வந்துச்சு."

அவள் சிரித்துவிட்டாள். கீழே இருந்தவர்கள் அந்தச் சிரிப்பைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு முகூர்த்த நாள் பார்க்கத் தொடங்கினார்கள்.

சாருமதி பெண்கள் பள்ளியொன்றில் உடற்பயிற்சி ஆசிரியை. காலை ஏழு மணிக்கு விசிலை வாயில் வைத்தால் இருநூறு பெண்கள் ஓடுவார்கள், எடுத்தால் நிற்பார்கள். கோபம் வந்தால் அவளுக்குக் கோபமாகவே வரும். குணசீலன் வேறு வகை. கோபம் வந்தால் வாயை மூடிக்கொண்டு கைபேசியைத் துடைப்பான். துடைக்கத் துடைக்க அவளுக்கு இன்னும் ஏறும். கடைசியில் படுக்கையறைக்குள் போய்க் கதவைத் தள்ளுவாள்.

சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது. தேர் நிலைக்கு வருகிற கம்பீரத்தோடு அந்தக் கதவு ஆடி அசைந்து சாத்திக்கொள்ளும். அதுவரை உள்ளே இருப்பவர் முகமும் வெளியே இருப்பவர் முகமும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றாக வேண்டும். சந்து குறுகிக்கொண்டே வரும். யாராவது ஒருவர் அந்தச் சந்துக்குள் ஒரு வாக்கியத்தைச் செருகுவார். அதன் பிறகு கதவு, மரியாதை தெரிந்த பணியாளைப் போல, டொக் என்று மூடிக்கொள்ளும்.

போன மாதம் மாவட்ட அளவிலான தொடர் ஓட்டப் போட்டி. சாருமதியின் பள்ளிப் பிள்ளைகள் இறுதிச் சுற்றுக்கு வந்திருந்தார்கள். கட்டாயம் வருகிறேன் என்று சொல்லியிருந்த குணசீலன், வீட்டுவசதி வாரிய அதிகாரிகளுக்குக் கதவு சாத்திக் காட்டிக்கொண்டிருந்தான். மாநிலம் முழுக்க வாரியம் கட்டுகிற வீடுகளுக்கெல்லாம் இதே டேம்பர் என்று பேச்சு. சாயங்காலம் சாருமதி கோப்பையோடு வந்தாள். அவன் நிமிர்ந்து பார்த்து, "ஓ, இன்னிக்கா?" என்றான்.

பிறகு நடக்க வேண்டியதெல்லாம் நடந்தது. அவள் உள்ளே போய்க் கதவைத் தள்ளினாள். கதவு கிளம்பியது. முக்கால்வாசி மூடியிருந்தபோது, அந்தச் சந்தில், குணசீலனின் வாயிலிருந்து ஒரு குரல் சொன்னது:

"விசில் ஊதறதுக்கெல்லாம் கப்பு குடுத்தா நானுந்தான் ஊதுவேன்."

டொக்.

சொன்னது தான்தானா என்று அவனுக்கே சந்தேகமாக இருந்தது. அப்படியொரு வாக்கியம் தனக்குள் குடியிருப்பதே அவனுக்குத் தெரியாது. கதவைத் தட்டலாமா என்று யோசித்தான். யோசித்துக்கொண்டே கைபேசியைத் துடைத்தான்.

மறுநாளிலிருந்து சாருமதி சண்டை போடுவதை நிறுத்திவிட்டாள். குணசீலனுக்கு உண்மையான பயம் அப்போதுதான் வந்தது. காபி வந்தது, இட்லி வந்தது, "சாவி எடுத்துட்டியா" கூட வந்தது. ஒரு வியாழக்கிழமை, தட்டைக் கழுவிக்கொண்டே, இன்றைக்குத் தண்ணீர் வராது என்கிற குரலில் சொன்னாள்:

"தூத்துக்குடி விளையாட்டு விடுதியில தலைமைப் பயிற்சியாளர் வேலை. தங்கற இடம் அங்கேயே. திங்கக்கிழமை பதில் சொல்லணும்."

"போகலாமான்னு கேக்கறியா, போறேன்னு சொல்றியா?"

"தகவல் சொல்றேன்."

அடுத்த நாள் சாயங்காலம் மூன்றாவது நிலவறையின் தீத்தடுப்புக் கதவில் எண்ணெய் கசிகிறது என்று புகார் வந்து, குணசீலன் கீழே இறங்கினான். மூன்றாவது நிலவறையில் வாகனம் யாரும் நிறுத்துவதில்லை. மின்தூக்கியை விட்டு வெளியே வந்தவன் அப்படியே நின்றான்.

டமால்.

நான்கு வருடமாக அவன் கேட்டிராத சத்தம். காது முதலில் அதை நம்பவில்லை. இன்னொரு முறை கேட்டது. டமால்.

தூண்களுக்கு அப்பால் ஒரு பழைய பெட்ரோல் ஜீப்பு நின்றது. சொந்தக்காரர் கனடாவுக்குப் போனவர், ஜீப்பை மறந்துவிட்டார் என்று கேள்வி. அதன் ஓட்டுநர் பக்கக் கதவுக்கு முன்னால், ரேஷன் கடையில் நிற்பதுபோல, பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையில் நின்றிருந்தார்கள். ஒருவர் போவார், கதவைத் திறப்பார், உடம்பில் இருக்கிற பலத்தையெல்லாம் திரட்டி ஒரே ஒரு முறை அறைந்து சாத்துவார், நகர்ந்துவிடுவார். அடுத்தவர் "ஆச்சுங்களா" என்பார். "ஆச்சுங்க." அவ்வளவுதான் பேச்சு. யார்மேல் கோபம், எதற்குக் கோபம், ஒன்றும் கேட்கக் கூடாது. ஆயுதபூஜைக்கு வைத்த சந்தனம் அந்தக் கதவின் கைப்பிடியில் இன்னும் காய்ந்து ஒட்டியிருந்தது.

வரிசையின் கடைசியில், தோளில் துண்டோடு நின்றவர் சங்கச் செயலாளர் நாச்சிமுத்து. சத்தம் போட்டதற்காகப் போன வருடம் ஒரு நாதஸ்வரக் கோஷ்டிக்கே அபராதம் போட்டவர்.

"வாங் தம்பி. பின்னால நில்லுங். குறுக்க பூந்துரக் கூடாது."

"சார், இதெல்லாம் விதிப்படி..."

"விதி எழுதினதே நாந்தானுங். ஒண்ணாவது தளத்துல இருந்து நாப்பதாவது வரைக்கும்னு எழுதிருக்கேன். நெலவறையைப் பத்தி எழுதலீங். மறந்துட்டேன்னு நெனைக்காதீங்."

டமால். இந்த முறை தூணிலிருந்து தூசி உதிர்ந்தது. வரிசையில் நின்றவர்கள் ஒரு மரியாதையோடு தலையை நிமிர்த்தினார்கள். ஜீப்பின் பக்கமிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தவள் சாருமதி. குணசீலனைப் பார்த்தாள். ஒரு கணம் நின்றாள்.

"ஆச்சுங்களா டீச்சர்?" என்றார் நாச்சிமுத்து.

"ஆச்சுங்க," என்றவள், அவனைக் கடந்து மின்தூக்கிக்குள் போனாள்.

"எத்தனை நாளா வர்றா?" என்றான் குணசீலன்.

"அதைக் கேக்கக் கூடாதுங் தம்பி. அது இங்கத்த மொறை." கொஞ்சம் தயங்கி, துண்டைத் தோள் மாற்றினார். "மாசத்துக்கு ஒருக்கா வருவாங். இந்த மாசம் பொழுதன்னிக்கும் வர்றாங். நாஞ் சொன்னேன்னு சொல்லீராதீங்."

குணசீலன் சுவரில் சாய்ந்தான். "சத்தமே இல்லாத கதவு குடுத்தோம் சார். நல்லதுன்னு நெனச்சுத்தான்."

"நல்ல கதவுதானுங். யாரு இல்லைன்னா? ஆனா அந்த ஒம்பது செகண்டு இருக்குதே." நாச்சிமுத்து குரலைத் தாழ்த்தினார். "முன்னெல்லாம் கதவு டமார்னு உளுந்துரும். வாயில வந்த வார்த்தை வாயோட நின்னுரும். இப்ப உங்க கதவு, 'வேற ஏதாச்சும் சொல்லோணுமா'ன்னு கேட்டுட்டு நிக்கற மாதிரி நிக்குது. கேட்டாச் சொல்லத்தானுங் தோணும். என்ற சம்சாரத்துகிட்ட இத்தனை வருசத்துல சொல்லாத சொல்லை அந்தச் சந்துலதான் சொல்லிப்போட்டேன். அதுக்கப்புறம் இங்க வந்து டமால் டமால்னு அடிச்சு என்னுங் பண்றது? சொன்னது சொன்னதுதானே."

"அதே ஒன்பது வினாடியில மன்னிப்பும் கேக்கலாமே சார்."

நாச்சிமுத்து அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். "கல்யாணம் ஆகி எத்தனை நாளாச்சுங் தம்பி? வைய ரெண்டு செகண்டு போதும். மன்னிப்புக் கேக்கறதுன்னா, தொண்டையைச் செருமறதுக்கே பத்து செகண்டு வேணுமுங்."

அவர் முறை வந்தது. போய் அறைந்தார். வயதுக்கு நல்ல அறைதான்.

தீத்தடுப்புக் கதவின் கசிவை அடைத்துவிட்டு மேலே வரும்போது குணசீலன் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தான். ஒன்றாம் நம்பர் எண்ணெய் ஊற்றினால் கதவு அறையும். அறைகிற கதவுதான் அவளுக்கு ஏற்கெனவே கீழே இருக்கிறதே. இனிமேல் சொல்லப்போகிற வாக்கியங்களை அது தடுக்கலாம். சொல்லி முடித்ததை எது திரும்ப எடுக்கும்? ஒன்பது வினாடி என்பது திட்டுவதற்குத் தாராளம், வருந்துவதற்குப் பற்றாக்குறை. எட்டையும் பத்தையும் சோதித்தவர்கள் யாரும் இதைச் சோதிக்கவில்லை. சோதனைக் கதவின் இரண்டு பக்கமும் பொறியாளர்கள்தான் நின்றார்கள், அவர்களுக்குள் சண்டையில்லை.

தப்பு மெலிதாக்காததில் இல்லை. போதுமான அளவு கெட்டியாக்காததில் இருந்தது.

ஆய்வகத்தில் ஒன்பதாம் நம்பர் என்று ஒன்று உண்டு. அடுப்பை அணைக்க யாரோ மறந்துபோனதில் பிறந்த எண்ணெய். அதில் நட்ட கரண்டி இரண்டு வருடமாக நட்டபடி நிற்கிறது. அசையாமல் இருப்பதால் எல்லோரும் அதை 'ரிஷி' என்று அழைத்தார்கள். துடுப்பின் அகலம், கதவின் எடை எல்லாம் போட்டுப் பார்த்தான். ரிஷியை ஊற்றினால் படுக்கையறைக் கதவு சாத்த முக்கால் மணி நேரம் ஆகும். தொண்டையைச் செருமலாம். தண்ணீர்கூடக் குடிக்கலாம்.

சனிக்கிழமை காலை சாருமதி பயிற்சிக்குப் போனதும் வேலையில் இறங்கினான். கீலைக் கழற்றி, நாலாம் நம்பரை முழுக்க வடித்தான். துளைக்குள் ஒரு கறுப்பு ரப்பர்க் குழாயைச் செருகி, குழாயின் தலையில் புனல் வைத்து, ரிஷியைக் கரண்டியால் வெட்டி வெட்டி உள்ளே இட்டான். ரிஷி இறங்க மனமில்லாமல் இறங்கினார். தொழிற்சாலையில் இந்த வேலையை ஓர் எந்திரம் செய்யும். இத்தனை வருடமாகக் குணசீலன் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று முடிவை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டவன். புனல் காலியானபோது மதியம் ஆகிவிட்டது. வாசலில் சாவிச் சத்தம் கேட்டது. குழாயைப் பிடுங்கிக் கருவிப்பெட்டிக்குள் அமுக்கி, துளைக்கு ஆணி முடுக்கி, கீலை மாட்டினான். கதவை ஒரு முறை ஆட்டிப் பார்க்கக்கூட நேரமில்லை.

சாருமதி காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"சாரு. சண்டை போடலாமா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "களைப்பா இருக்குது."

"சாயங்காலம்?"

"எதைப் பத்தி?"

"விசிலைப் பத்தி."

அவள் முகம் மாறியது. எழுந்து படுக்கையறைக்குள் போனாள். கதவைத் தள்ளினாள். அளவு பார்க்கிற தொழில் பழக்கத்தில் குணசீலனின் உள்ளங்கை தானாகக் கதவின்மேல் போய்ப் பதிந்தது. கதவு பாதி தூரம் வந்து, நின்றுவிட்டது. நின்றது என்றால் மலை மாதிரி நின்றது. அவளுடைய முகம் சந்தில் முழுதாகத் தெரிந்தது.

"என்ன பண்ணி வெச்சிருக்கே இதை?"

"கெட்டி எண்ணெய் மாத்தியிருக்கேன். சாத்தறதுக்கு முக்கால் மணி நேரம் ஆகும்."

"பைத்தியமா உனக்கு?"

"அதுவும் இருக்கலாம்."

"அதுவரைக்கும் நான் உன்ற மூஞ்சியப் பார்த்துட்டு நிக்கணுமா?"

"நானும் உன்ற மூஞ்சியத்தான் பார்க்கணும்."

அவள் ஒரு பக்கச் சுவரில் சாய்ந்துகொண்டாள். "செரி. முக்கால் மணி நேரம் இருக்குதில்ல. கேட்டுக்க."

கல்யாணத்தன்று அவன் தாலி கட்டிவிட்டு மண்டபக் கதவின் கீலைப் பார்க்கப் போனதிலிருந்து ஆரம்பித்தாள். அவள் அம்மாவுக்கு அறுவை சிகிச்சை நடந்த அன்று ஆஸ்பத்திரி அலமாரியைத் திறந்து திறந்து மூடியது, இவன் ஊமையாக உட்காருவதால் தான் மட்டுமே கத்துகிறவள் என்று கட்டடம் முழுக்கப் பெயர் வாங்கியது, எல்லாம் வந்தது. வழக்கமாகக் கைபேசியைத் துடைக்கிற கை கதவில் இருந்ததால் அவனால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"நீ மட்டும் என்ற வேலையைப் பார்க்க வந்தியா?" என்றான் திடீரென்று.

அவள் நிறுத்தினாள். அவன் நேருக்கு நேர் நின்று எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. "எப்பக் கூப்பிட்ட?"

"கூப்பிடல."

"ஏன்?"

"கதவு மெதுவாச் சாத்தறதைப் பார்க்க யாரு வருவா?" அவன் கதவைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "உன்ற புள்ளைங்க ஜெயிச்சா மைதானமே கத்துது. நீ கப்பைத் தூக்கிட்டு வந்தப்ப வாசல்ல இருந்தே உன்ற குரல் கேட்டுச்சு. என்ற வேலை நல்லா நடந்தா யாருக்கும் ஒண்ணும் கேக்காது சாரு. அதான் என்ற வேலையே. எதுவும் கேக்காம இருக்கறது."



அவன் தொண்டையைச் செருமினான். மறுபடியும் செருமினான்.

"நிறைய நேரம் இருக்குது," என்றாள் சாருமதி. "நிதானமாச் சொல்லு."

"அன்னிக்குச் சொன்னது. விசில்." இன்னொரு செருமல். "பொறாமையில சொன்னேன். தப்பு. பொய்யுங்கூட. எனக்கு விசில் ஊதவே வராது. ஸ்கூல்ல ஒருக்கா ஊதிப் பார்த்தேன், காத்துதான் வந்துச்சு."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்தான். அழுகையும் சிரிப்பும் கலந்து, எது எதைத் தணிக்கிறது என்று சொல்ல முடியாத நிலையில் இருந்தது.

பிறகு அவள், அவன் பார்க்காத போட்டியைச் சொன்னாள். மூன்றாவதாக ஓடிய நஸ்ரின் தொடர் ஓட்டக் கோலை வாங்கும்போது தடுமாறிவிட்டாள், கீழே விழவில்லை, கோல் மட்டும் காற்றில் ஒரு சுற்றுச் சுற்றியது, அதைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண் ஓடினாளே ஓட்டம். நான்காவதாக நின்றவள் கத்திய கத்தலில் எதிரணிப் பெண்ணே திரும்பிப் பார்த்துவிட்டாள். சொல்லும்போது சாருமதியின் கைகள் ஓடின. அவன் இரண்டு முறை குறுக்கே கேள்வி கேட்டான். இரண்டும் ஓட்டத்தைப் பற்றி.

"பசிக்குது," என்றாள் கடைசியில்.

"மாவு இருக்குது. வெளிய வா, தோசை சுடறேன்."

"சண்டை முடியல. இங்க கொண்டா."

அவன் போய் நான்கு தோசை சுட்டுக்கொண்டு வந்தான். வந்து பார்த்தால் கதவு ஒரு நூல்கூட நகரவில்லை. சாருமதி முன்னால் நின்ற இடத்திலேயே, கதவோடு ஒட்டி நின்றிருந்தாள். ரிஷியின்மேல் அவனுக்குப் பெருமை பொங்கியது. சந்து வழியாகத் தட்டை நீட்டினான். இரண்டு பேரும் நின்றபடியே சாப்பிட்டார்கள்.

"தூத்துக்குடிக்கு என்ன சொல்லப்போற?"

"வர்றேன்னுதான்." அவள் தோசையை மடித்தாள். "நல்ல வேலை குணா. விட மாட்டேன். ஆனா வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதிவேக ரயில் ஏறினா ராச்சாப்பாட்டுக்கு இங்க இருப்பேன். நேத்து வரைக்கும் அந்த ரயில் நேரத்தை நான் பார்க்கவே இல்ல. இப்பத் தோசை வர்ற வரைக்கும் பார்த்துட்டு இருந்தேன்."

தட்டைக் கொடுக்கிற சாக்கில் பக்கவாட்டில் நுழைந்து அவளே வெளியே வந்துவிட்டாள். கதவு சாத்தப்படவேயில்லை.

திங்கட்கிழமை ஆய்வகத்தில், நிறுவனத்தின் தலைவி அமுதவல்லி மேடம் அவன் மேசைக்கே வந்துவிட்டார். வாரியத்துக்குக் கையெழுத்துப் போய்ச் சேர வேண்டும்.

"ஒன்பது வினாடிக்கு நான் கையெழுத்துப் போட முடியாதுங்க மேடம்."

"ஏன்ப்பா, நீ கண்டுபிடிச்சதுதானே?"

"அதனாலதாங்க." நிலவறை ஜீப்பைப் பற்றி, ஆட்களின் பெயர் சொல்லாமல், சொன்னான். தன் வீட்டுக் கதவை முக்கால் மணி நேரம் நிறுத்திப் பார்த்ததையும் சொன்னான். "ஒவ்வொரு கீல்லயும் ஒரு திருகு வெச்சுக் குடுத்துரலாம். அறையணும்னா அறையட்டும். நிக்கணும்னா நிக்கட்டும். அவங்கவங்க வீட்டுக்கு எவ்வளவு நேரம் வேணும்னு நம்ம இங்க உட்கார்ந்து முடிவு பண்ண வேண்டாம்."

மேடம் யோசித்தார். அவர் யோசித்தால் விளம்பரமாகத்தான் யோசிப்பார். "'உங்கள் கோபம், உங்கள் உரிமை.' பரவாயில்லையே. முக்கால் மணி நேரம் நிறுத்திப் பார்த்தேன்னியே, அது எந்த எண்ணெய்?"

கருவிப்பெட்டியைத் திறந்து, கழுவப் போடுவதற்காகக் கறுப்புக் குழாயைக் கையில் எடுத்திருந்தான் குணசீலன். குழாய் கனத்தது. வெட்டி வைத்த மரக்கிளை போல விறைப்பாக இருந்தது. ஒரு முனையை அழுத்தினான். உள்ளே ரிஷி, பாதி வழியில், முழுதாக, தியானத்தில் இருந்தார். ஒரு சொட்டுக்கூடக் கீலுக்குள் போயிருக்கவில்லை. சூடாக்காமல், உள்ளே இருக்கிற காற்றை எந்திரத்தால் உறிஞ்சாமல், இத்தனை கெட்டியான எண்ணெய் இத்தனை சின்னத் துளைக்குள் இறங்காது என்பது முதல் வருடப் பயிற்சிப் பையனுக்குத் தெரியும்.

அப்படியானால் டேம்பர் வெறும் டப்பா. துடுப்பைப் பிடிக்க உள்ளே ஒன்றுமில்லை. விசை பூஜ்யம். சாருமதி தள்ளிய தள்ளுக்குக் கதவு, ஜீப்பை வெட்கப்பட வைக்கிற மாதிரி அறைந்திருக்க வேண்டும். பாதியில் அதை நிறுத்தியது இந்தப் பக்கம் இருந்த அவன் உள்ளங்கை. சரி. அவன் கையை எடுத்துவிட்டுத் தோசை சுடப் போயிருந்தபோது, காற்றில்கூட ஆடாமல் அதை நிறுத்தியது யார்?

கதவுக்கு முட்டுக் கொடுத்து நின்ற சாருமதியின் பாதம் அவனுக்கு இப்போதுதான் மனக்கண்ணில் தெரிந்தது.

"எந்த எண்ணெய்ன்னு கேட்டேனே," என்றார் மேடம்.

"அது இன்னும் விற்பனைக்கு வரலீங்க மேடம்," என்றான் குணசீலன்.

சாருமதி தூத்துக்குடிக்குப் போனாள். வாரியத்து வீடுகளுக்கும் அமைதிச்சாரலுக்கும் திருகு வைத்த கீல்கள் போயின. முதல் மாதம் எல்லோரும் திருகை ஒரு பக்கம் கடைசி வரைக்கும் திருப்பி, ஆசை தீர அறைந்தார்கள். நாச்சிமுத்து தன் வீட்டுக் கீலை மட்டும் எதிர்ப்பக்கம் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டார். சம்சாரத்தோடு கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது என்றார்.

ஒரு வெள்ளிக்கிழமை, ரயிலிலிருந்து நேராக வந்த சாருமதி உடை மாற்றப் படுக்கையறைக்குள் போனாள். சோபாவில் இருந்தபடி குணசீலன் தற்செயலாகப் பார்த்தான். அவள் கதவின் விளிம்பை இரண்டு விரலால் பற்றி, தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் இடுகிற பக்குவத்தில், கூடவே நடந்து கொண்டுவந்தாள். ஓர் இடத்தில் கதவு துள்ளப் பார்த்தது. சட்டென்று முழங்காலைக் கொடுத்து அதை அடக்கிவிட்டு, அவன் கவனித்தானா என்று ஓரக்கண்ணால் பார்த்தாள். அவன் கைபேசியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

அவளில்லாத நாட்களில் அவனும் அந்தக் கதவை அப்படித்தான் சாத்துகிறான். இந்தக் கதவுக்குள் எதுவுமில்லை என்று தனக்குத் தெரியும் என்பது, அக்கம்பக்கத்தார் வாயிலாகக்கூட அவளுக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்று. ரிஷியைச் சூடாக்கி முறையாக உள்ளே இறக்க அவனுக்கு அரை மணி நேரம் போதும். இறக்கவில்லை. திருகு வைத்த கீலையும் அதில் மாட்டவில்லை.

கதவு சத்தமில்லாமல் நிலைக்கு வந்து சேர்ந்தது. உள்ளேயிருந்து அவள் குரல் கேட்டது.

"உன்ற எண்ணெய் இன்னும் நல்லாப் புடிக்குது குணா."

"புடிக்கும்," என்றான் அவன்.